லினரைட்டைக் கையில் எடுத்தவர்கள்: அனுபவப் பகிர்வு

சித்தூர், ஓய்வுபெற்ற நிலவியல் விரிவுரையாளர்:

ஆழ்ந்த நீல நிறத்தில் ஒரு செம்புக் கனிமத்தைக் கண்டால் ‘அசுரைட்’ என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விடுவது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். சித்தூர், திருத்தணி, நகரி, குப்பம் பக்கங்களில் கல் சேர்க்கும் நண்பர்களின் பெட்டிகளில் அப்படிச் சீட்டு ஒட்டப்பட்டவற்றுள் ஒன்றிரண்டு லினரைட்டாக இருக்கக்கூடும் என்பது என் எண்ணம். ஆகவே, இந்தக் காரீய, செம்புக் கனிமத்தை நேரில் பார்த்தவர்கள் அதை எவ்வாறு உறுதி செய்தார்கள் என்பதை இங்கே எழுத வேண்டுகிறேன். முதலில் என்னுடையது.

நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றின் கனிம அறையில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துப் பிங்காமிலிருந்து பரிமாற்றத்தில் வந்ததாகக் குறிக்கப்பட்ட கல் ஒன்று அசுரைட் வரிசையில் இருந்தது. நிறத்தை வைத்துப் பார்த்தால் அந்த வரிசையில் அதற்குத் தாராளமாக இடமுண்டு. ஆனால் நீலப் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருந்த இடம் காரீயத் தாதுவான கலேனாவின் விளிம்பு; பக்கத்தில் ஃபுளோரைட்டும் வெள்ளை நிற பாரைட்டும் இருந்தன. பிங்காமில் உள்ள பிளான்சர்டு சுரங்கம் லினரைட்டுக்கு உலக அளவில் பெயர்பெற்றது என்பதை அறிந்தவர் எவரும் அந்தச் சீட்டைப் பார்த்துச் சற்றே நிற்பார்.

லினரைட்டின் அமைப்பைச் சொற்களில் சொன்னால், ஒரு காரீய அணு, ஒரு செம்பு அணு, ஒரு சல்பேட், இரண்டு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த தொகுதி). எடையில் பாதிக்குச் சற்று மேல் காரீயமே. படிகம் ஒற்றைச்சரிவுத் தொகுதியைச் சேர்ந்தது. பெரும்பாலும் நீண்ட ஊசியாகவோ தட்டையான பட்டையாகவோ வளரும். ஒரு திசையில் மிகச் சீராகப் பிளவுபடும். மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 2.5, அசுரைட்டுக்கு அது 3.5 முதல் 4 வரை. ஆக, செப்புக் காசு அசுரைட்டைக் கீறத் தடுமாறும், லினரைட்டை எளிதில் கீறிவிடும். எனினும் நல்ல படிகத்தில் காசை வைத்துத் தேய்ப்பவரை நான் மன்னிக்கமாட்டேன்.

நான் செய்தது அமிலச் சோதனை. கல்லின் பின்புறத்தில் உதிர்ந்து கிடந்த கடுகளவு துகளை ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊசிமுனையால் ஒரு சொட்டு வைத்தேன். அசுரைட் கார்பனேட் ஆகையால் உடனே நுரைக்கும். இங்கே ஒரு குமிழிகூட எழவில்லை. பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸில் பார்த்துக்கொண்டிருக்கையில், துகளின் ஓரங்களில் மாவு படிவதுபோல் ஒரு வெண்மை தோன்றி, மெல்ல உள்நோக்கி நகர்ந்து, நீலத்தை மூடியது. துகளைச் சுற்றி நின்ற திரவம் இலேசான பச்சை கலந்த நீலமாக மாறியது. செம்பு கரைந்து வெளியேற, கரையாத காரீய உப்பு மேற்பரப்பில் தங்குவதே அந்த வெண்மைக்குக் காரணம். இந்த ஒரு சோதனையே லினரைட்டையும் அசுரைட்டையும் பிரித்துவிடும் என்பதால் கருவி இல்லாதவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நகரி, நகைத் தொழில்:

ஐயா, நான் படித்தவனல்லன். ஆனால் எடை போடுவது என் தொழில். என் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சிறு கற்களில், தாய்ப்பாறை ஒட்டாத நீலத் துண்டு ஒன்று கையில் வைத்ததுமே அதன் அளவுக்கு மீறிக் கனத்தது. தங்கத்தில் கலப்படம் பார்க்க நாங்கள் நீரில் தொங்கவிட்டு நிறுப்பதுண்டு. அதையே இதற்கும் செய்தேன். தராசின் தட்டில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, மெல்லிய நைலான் நூலில் கல்லைக் கட்டி, கிண்ணத்தின் அடியையும் சுவரையும் தொடாமல் நீருக்குள் இறக்கினால், தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு. காற்றில் 2.16 கிராம், நீரில் இறக்கியபோது 0.40 காட்டியது. வகுத்தால் 5.4 வருகிறது.

கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழியை ஈரத் தூரிகையால் தட்டிவிடாவிட்டால் கணக்கு தவறும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். உரைகல்லில் இழுத்துப் பார்க்கவும் ஆசை வந்தது. கறுப்புக் கல்லில் வெளிர்நிறக் கீற்று எடுபடாது என்பதால் ஓட்டுச் சில்லின் மெருகில்லாத பக்கத்தில் இழுத்தேன். வெளிர்நீலக் கோடு விழுந்தது.

திருப்பதி, கனிமப் படிகவியலில் ஆய்வு செய்பவர்:

அண்ணா, நீங்கள் பெற்ற 5.4 என்பது நூல்களில் லினரைட்டுக்குத் தரப்படும் 5.3 முதல் 5.5 வரையிலான அளவுக்குள் சரியாக விழுகிறது. அசுரைட்டின் ஒப்படர்த்தி, அதாவது நீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது, ஏறத்தாழ 3.8 மட்டுமே, ஆகையால் தூய துண்டாக இருந்தால் அமிலமே தேவையில்லை. கீற்று நிறத்தை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம். அசுரைட்டின் கீற்றும் நீலமே.

நான் எழுத விரும்புவது வகைப்பாட்டைப் பற்றி. நான் முதன்முதலில் லினரைட்டைப் பார்த்தது கல்லாக அன்று, எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் பதிவாகவே. பிறகுதான் படிகத்தைப் பார்த்தேன். அதனாலோ என்னவோ, நிறத்தை வைத்தோ உலோகத்தை வைத்தோ இதை அடுக்குவது எனக்கு எப்போதும் உறுத்தலாக இருக்கும். காரீயத் தாதுக்களோடு சேர்ப்பதா, செம்புத் தாதுக்களோடு சேர்ப்பதா என்று மாணவர்கள் வாதிடுவார்கள். வகைப்பாடு எதிரயனியை, அதாவது எதிர்மின்னூட்டம் கொண்ட பகுதியைத்தான் பார்க்கிறது. ஆகவே லினரைட் சல்பேட் வகுப்பில் அமர்கிறது. கனிமங்களை வேதியமைப்பையும் கட்டமைப்பையும் வைத்து அடுக்கும் ஸ்ட்ரூன்ஸ் முறையில் அதன் எண் 7.பிசி.65. அதில் 7 என்பது சல்பேட் முதலிய வகுப்பு. ‘பி’ என்பது கூடுதல் எதிரயனி உண்டு, நீர் மூலக்கூறு இல்லை என்பதைக் குறிக்கிறது. ‘சி’ என்பது நடுத்தர அளவுள்ள நேரயனியோடு (நேர்மின்னூட்டம் கொண்ட உலோக அயனி) பெரிய நேரயனியும் இருப்பதைச் சொல்கிறது. செம்பு நடுத்தரம், காரீயம் பெரியது.

இந்த எழுத்துகள் வெறும் குறியீடுகள் அல்ல என்பதை மயில்துத்தத்தோடு ஒப்பிட்டால் காணலாம். அதுவும் நீலம், அதுவும் செம்பின் சல்பேட். ஆனால் அதில் ஐந்து நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும், சூடாக்கினால் நீரை இழந்து வெளுத்துவிடும். லினரைட்டில் இருப்பது நீர் அன்று, செம்போடு இறுகப் பிணைந்த ஹைட்ராக்சில். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. பச்சை நிறப் ப்ரோகண்டைட்டும் ஹைட்ராக்சில் உள்ள செம்பு சல்பேட்தான். காரீயம் இல்லாததால் அது பக்கத்துப் பிரிவுக்குப் போகிறது. கலிடோனைட் இரண்டு உலோகத்தையும் கொண்டிருந்தாலும் அதில் கார்பனேட்டும் நுழைந்துவிடுவதால், லினரைட்டுக்கு நெருங்கிய உறவாயினும் வேறு கட்டமைப்பு. ஆனால் சல்பேட்டின் இடத்தில் முழுதாகவோ பாதியாகவோ செலினியச் சேர்மம் அமரும் ஷ்மீடரைட், முனகடைட் ஆகியவை லினரைட் குழுவிலேயே வைக்கப்படுகின்றன, ஏனெனில் கட்டமைப்பு ஒன்றே.

அந்தக் கட்டமைப்பின் முதுகெலும்பு செம்புச் சங்கிலி. ஒவ்வொரு செம்பு அணுவையும் நான்கு ஹைட்ராக்சில்கள் சதுரமாகச் சூழ்கின்றன. அடுத்தடுத்த சதுரங்கள் விளிம்பைப் பகிர்ந்துகொண்டு படிகத்தின் ‘பி’ அச்சு நெடுக ஓடுகின்றன. சல்பேட்டும் காரீயமும் இடையில் நின்று சங்கிலிகளைக் கட்டிவைக்கின்றன. படிகம் அந்த அச்சின் போக்கிலேயே நீள்வதற்கும் இதுவே காரணம். நீலமும் இந்தச் செம்பினுடையதே. காரீயம் மட்டுமுள்ள சல்பேட்டான ஆங்கிலிசைட் நிறமற்றது அல்லது வெள்ளை. மேலும், சங்கிலியில் பக்கத்துச் செம்புகளின் காந்தத் தன்மை ஒரே திசையில் சேர விரும்ப, ஒன்று விட்டு ஒன்று எதிர்த்திசையை விரும்புகிறது. இந்த இழுபறியின் பொருட்டே இயற்பியலாளர்கள் இயற்கையில் கிடைத்த லினரைட் படிகங்களை நியூட்ரான் சிதறலுக்கு உட்படுத்தி ஆராய்கிறார்கள்; ஏறத்தாழ 2.8 கெல்வினுக்குக் கீழே குளிரூட்டும்போதுதான் அது காந்த ஒழுங்குக்கு வருகிறது. சேகரிப்பாளருக்கு இதனால் பயனில்லை என்பது உண்மையே. எனினும் அலமாரிக் கல் ஒன்றுக்கு இப்படியொரு வாழ்க்கை இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

குப்பம், முதுகலை மாணவர்:

நான் இதுவரை புகைப்படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஸ்பெயினின் லினாரெஸ் ஊரின் பெயரால் 1839இல் பெயரிடப்பட்டது என்றும், இங்கிலாந்தின் கம்பிரியா மலைகள், ஸ்காட்லாந்தின் லெட்ஹில்ஸ், நமீபியாவின் ட்சுமெப், அரிசோனாவின் மாமத் சுரங்கம் ஆகிய இடங்களில் கிடைத்திருக்கிறது என்றும் பாடத்தில் எழுதினோம். நம் ஆந்திரத்திலேயே அக்னிகுண்டலாவில் காரீயமும் செம்பும் அருகருகே இருக்கின்றனவே, அங்கே ஏன் தேடக்கூடாது என்பது என் கேள்வி. சென்ற ஆண்டு துறைச் சுற்றுலாவில் அந்தப் பக்கம் போனபோது, சாலையோரச் சல்லியில் நீலம் பூசிய ஒரு துண்டை எடுத்தேன். ஆசிரியர் வைத்திருந்த அமிலத்தில் அது நன்றாக நுரைத்தது.

திருத்தணி, கடப்பைப் படுகையில் கள நிலவியலாளராக இருந்தவர்:

தம்பி, கேள்வி சரியானது. அக்னிகுண்டலாவின் பண்டலமொட்டில் முன்பு ஹிந்துஸ்தான் சிங்க் நிறுவனம் காரீயம் எடுத்தது, நல்லகொண்டாவில் செம்பு, துகொண்டாவில் இரண்டும் கலந்து வருகின்றன. உலோகத்துக்குக் குறைவில்லை. தடையாக நிற்பது பாறை. அங்கே தாது பெருமளவும் சுண்ணாம்புப் பாறையைப் போன்ற கார்பனேட் பாறையான டோலமைட்டில் இருக்கிறது.

லினரைட் உண்டாகும் வழியைப் பாருங்கள். கலேனா காற்றும் நீரும் பட்டு முதலில் ஆங்கிலிசைட்டாக மாறும். செம்புத் தாதுவான கால்கோபைரைட் சிதைந்து செம்பைக் கரைத்த நீர், அந்த ஆங்கிலிசைட்டைத் தொட்டால் லினரைட் படியும். இதற்கு நீர் சற்றே அமிலத் தன்மையோடு இருக்க வேண்டும். சல்பேட் மிகுதியாகவும் கார்பனேட் குறைவாகவும் இருக்க வேண்டும். டோலமைட்டுக்குள் நுழையும் அமில நீர் சில அடி தூரம் செல்வதற்குள் தணிந்துவிடும். அப்போது காரீயம் கார்பனேட்டான செருசைட்டாகவும், செம்பு பச்சைக் கார்பனேட்டான மலாக்கைட்டாகவும் அசுரைட்டாகவும் பிரிந்து போய்விடும். நீங்கள் எடுத்த துண்டு நுரைத்ததில் எனக்கு வியப்பில்லை. நான் துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளில் பார்த்த மேல்மட்டக் கறைகளும் பச்சைக் கார்பனேட்டுகளே. நானாக இருந்தால் முதலில் விழுப்புரம் பக்கத்து மாமண்டூரைத்தான் நினைப்பேன். அங்கே துத்தநாகம், காரீயம், செம்பு மூன்றும் உருமாறிய பாறைக்குள் இருக்கின்றன.

சித்தூர், ஓய்வுபெற்ற நிலவியல் விரிவுரையாளர்:

இதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. பிங்காமிலும் தாது இருப்பது சுண்ணாம்புப் பாறைப் படுகைகளில்தான்; இருந்தும் லினரைட் தாராளமாகக் கிடைத்திருக்கிறது. ஆகவே, டோலமைட் என்ற ஒரே காரணத்தால் அக்னிகுண்டலாவைத் தள்ளிவிட முடியாது.

திருத்தணி, கடப்பைப் படுகையில் கள நிலவியலாளராக இருந்தவர்:

தள்ளவில்லை ஐயா, தேடும் இடத்தைச் சுருக்குகிறேன். பிங்காம் மாதிரிகளில் லினரைட் பெரும்பாலும் கலேனாவை ஒட்டிய பொந்துகளில்தான் அமர்ந்திருக்கிறது. அங்கே சுவரைக் குவார்ட்ஸோ ஃபுளோரைட்டோ பாரைட்டோ போர்த்தியிருந்தால், உள்ளே தேங்கும் நீர் சுண்ணாம்பைத் தொடாமலே இருக்கும். எனவே டோலமைட்டின் பரப்பில் பூசிய நீலத்தை விட்டுவிட்டு, குவார்ட்ஸ் நரம்பில் பாதி கரைந்த கலேனா இருக்கும் துண்டுகளைப் பாருங்கள். கலேனாவின் மேல் சாம்பல் நிற ஆங்கிலிசைட் ஓடு இருக்கிறதா, அதே துண்டில் செம்பின் சுவடு இருக்கிறதா என்று லென்ஸில் தேடுங்கள். இரண்டும் சேர்ந்தால் மட்டும் அமிலப் புட்டியைத் திறக்கலாம். பழைய சுரங்கத்துக்குள் அனுமதியின்றி இறங்க வேண்டாம். காரீயம் மிகுந்த கற்கள் இவை. உடைக்கும்போது தூசி எழாமல் நனைத்துக்கொள்ளுங்கள், கை கழுவாமல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

குப்பம், முதுகலை மாணவர்:

நன்றி ஐயா. அந்த நீலத் துண்டின் மறுபக்கத்தில் குவார்ட்ஸ் நரம்பு ஒன்று ஓடுகிறது. கலேனா இருப்பதாகத் தெரியவில்லை. துறை ஆய்வகத்தில் மெல்லிய சீவல் எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன கனிமம் என்பதைப் பக்கத்துக் கனிமங்களோடு சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.