ஸ்டேஷன் பசங்க, ஹோம் பசங்க: பழகுனவங்க உங்க அனுபவத்தச் சொல்லுங்க

டவுன்ஹால் ரோட்டுக்காரன்:
நமக்கு மதுரை ஜங்ஷனுக்கு எதிர்த்தாப்புல சின்னக் கடை, செல்போன் கவர், சார்ஜர் யாவாரம். ஸ்டேஷன சுத்தி அலையுற பொடிப் பசங்கள தெனமும் பாக்குறதுதான், ஆனா அவய்ங்களுக்காக ஒரு ஆளு வேலை மெனக்கெட்டு வர்றார்னு லாக்டவுனுக்கு அப்புறம்தான் கவனிச்சேன். ஏதோ ஒரு கிறிஸ்தவ அமைப்புல இருந்து வர்றவரு, பசங்க பூராம் பிரதர்னுதான் கூப்புடுவாய்ங்க. பாண்டியன் எக்ஸ்பிரஸ் வர்ற நேரத்துக்கு டீக்கடை ஓரமா நிப்பாரு. ஏன் இம்புட்டு காலைலன்னு கேட்டேன். ராத்திரி வண்டில ஏறி ஓடி வர்ற பய விடியக்காலைல எறங்கி எங்கிட்டுப் போறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிப்பான், மொத பேச்சு யாரு குடுக்குறாகன்றதுலதான் எல்லாமே இருக்கு, நாங்க போகலேன்னா புரோக்கர் போயிருவான்னாரு. புரோக்கர்னா ஹோட்டலுக்கு டேபிள் தொடைக்க ஆள் பிடிச்சு விடுறவன், அதுக்கும் கீழ போனா பிச்சை எடுக்க விடுறவன்.

ஒரு பய, பத்து பதினோரு வயசு இருக்கும், கர்ச்சீப்ப மூக்குலயே வச்சிக்கிட்டு நிக்கிறான். பஞ்சர் ஒட்டுற சொல்யூஷன். அத இழுத்தா பசி தெரியாது, ராத்திரி குளிரு தெரியாது. பிரதர் போய் பேரு கேக்கல, ஊரு கேக்கல. ரெண்டு டீ, ஒரு பன்னு சொன்னாரு, ஒரு டீயவும் பன்னையும் பெஞ்சுல அவன் பக்கமா தள்ளி வச்சிட்டு தினத்தந்திய விரிச்சுட்டாரு. பய கொஞ்ச நேரம் பாத்தான், எடுத்துக்கிட்டு தள்ளிப் போய் நின்னு குடிச்சான், அப்புறம் காலி கிளாஸ கொண்டாந்து பெஞ்சுல வச்சிட்டு ஓடிட்டான். என்ன பிரதர் விட்டுட்டீங்கன்னேன். 1098, பிள்ளைகளுக்கான ஹெல்ப்லைன், அதுக்கு சொல்லியாச்சு, ரயில்வே பாதுகாப்புப் படை ஆர்.பி.எஃப்.காரருக்கும் தெரியும், ஆனா யூனிஃபார்மப் பாத்தா இவன் அடுத்த வண்டில ஏறிருவான், கிளாஸத் திருப்பிக் கொண்டாந்து வச்சான்ல, வருவான்னாரு. வந்தான். விஜய்ன்னான், அப்புறம் சூர்யான்னான், ஊரு ஒரு நாள் தென்காசி ஒரு நாள் ராஜபாளையம். பிரதர் எல்லாத்துக்கும் சரிடா சரிடான்னு தலையாட்டிட்டு கமிட்டிகிட்ட கூட்டிப் போனாரு. குழந்தைகள் நலக் குழுன்னு ஜில்லாவுக்கு ஒண்ணு இருக்கு, பிள்ளைய எடுத்தா 24 மணி நேரத்துக்குள்ள அங்க கொண்டு போய் நிறுத்தணும், 2015 சட்டம் அப்படி.

உசிலம்பட்டி வாத்தியார் (ரிட்டயர்டு):
நீங்க சொல்றது ஓடி வர்ற பிள்ளைக தம்பி. எங்க பக்கம் கதை வேற. உசிலம்பட்டி, சேடபட்டி, பேரையூர் பக்கமெல்லாம் பிள்ளைகள அனுப்பியே விடுவாக, மஹாராஷ்டிரா, குஜராத்னு முறுக்குக் கம்பெனிக்கு. ஏஜென்ட் வெளியூர்க்காரன் இல்ல, நம்மூரு ஆளாத்தான் இருப்பான், மாமன் மச்சான்னு கூப்புடுற ஆளு. மழை பொய்ச்ச வருசம், மூத்தவ கல்யாணக் கடன் நிக்கிற வருசம் பாத்து அட்வான்ஸ கைல திணிச்சுருவான், அது கழியுற வரைக்கும் பய ஊரு திரும்ப முடியாது.

என்கிட்ட படிச்ச பய ஒருத்தன், மனக்கணக்குல புலி, ஏழாங்கிளாஸ் பாதியில காணாமப் போனான். ரெய்டுல மீட்டுக் கொண்டாந்தப்ப பாத்தேன், முழங்கை வரைக்கும் எண்ணெ தெறிச்ச தழும்பு, புள்ளி புள்ளியா. கையத் தூக்கி வணக்கம் வைக்கக் கூட கூச்சப்பட்டு பின்னாடி கட்டிக்கிட்டான். அவனுக்குப் பின்னாடி ஒரு சிஸ்டர் நின்னாங்க, கன்னியாஸ்திரி. நான் பொதுவா சபை, மடம் இந்தப் பக்கமெல்லாம் போற ஆளு கிடையாது, ஆனா அந்தம்மா அலைஞ்ச அலைச்சல சொல்லியே ஆகணும். மொதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ், லைசென்ஸ் குடுக்குற இடம் இல்ல, வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ், கொத்தடிமை விடுதலைச் சான்றிதழுக்கு. 1976 சட்டப்படி அந்த அட்வான்ஸ் கடனே செல்லாது, ஆனா இந்தக் காகிதம் கைல இல்லேன்னா ஏஜென்ட் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துருவான். அப்புறம் ஸ்கூலு. டி.சி. இல்லாம சேக்க முடியாதுன்னு ஹெச்.எம். கைய விரிச்சாரு. அந்தம்மா சத்தம் போடல, கட்டாயக் கல்விச் சட்டம் 2009 காப்பிய டேபிள்ல வச்சு அஞ்சாவது பிரிவ விரலால தொட்டுக் காமிச்சுட்டு சும்மா உக்காந்துருச்சு. டி.சி. வர லேட்டானாலும் அதக் காரணம் காட்டி சேர்க்கைய மறுக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. சேத்துக்கிட்டாக.

பயலோட அப்பன்காரன்தான் பெரிய இடைஞ்சல். ‘நாலு காசு வந்துக்கிட்டு இருந்துச்சு, நீங்கதான் கெடுத்தீக’ன்னு ஏசுவான். சிஸ்டர் அவனத் திட்டி நான் பாத்ததில்ல. தாய்க்காரிய வச்சு மனு எழுதி மிஷன் வாத்சல்யான்ற கவர்மெண்டு குழந்தைகள் திட்டத்துல மாசம் 4000 ரூபா வர வச்சுக் குடுத்துச்சு. அதுக்கப்புறம் அவன் வாயத் தொறக்கல.

சும்மா கேக்குறேன்:
எல்லாம் சரி, சோத்தப் போட்டு மதம் மாத்துறாய்ங்கன்னு சொல்றாகளே, அதப் பத்தி யாரும் வாயத் தொறக்க மாட்டேங்குறீங்க?

அரசரடி அக்கா:
கேளுங்க, கேக்க வேண்டியதுதான். நான் ஞாயித்துக்கெழமை டியூஷன் எடுக்கப் போற ஹோம்ல சாயங்காலம் ஜெபம் உண்டு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். பாதிப் பசங்க நெத்தில திருநீறோட உக்காந்துக்கிட்டு எப்படா முடியும் கேரம் போர்ட எடுக்கலாம்னு பாத்துக்கிட்டு இருப்பானுங்க. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்க பிரதரே கூட்டிட்டுப் போவாரு, விட்டா இவனுங்க தானா போயிருவானுங்கன்றது வேற விஷயம். பிள்ளை எங்க இருக்கணும்னு முடிவு பண்றது கமிட்டி, ஹோம் கிடையாது. வேற எங்கயாவது தப்பு நடக்குதுன்னா தாராளமா கம்ப்ளைண்ட் குடுங்க, நான் பாத்ததத்தான நான் சொல்ல முடியும்.

எனக்கு அவங்க மேல குறை வேற. பணம் குடுக்குறவங்க கார்ல வந்து எறங்குனா பசங்கள வரிசையா நிக்க வச்சு பாட்டு, டான்ஸ், அதுக்கு மேல ‘உன் கதைய அங்கிளுக்கு சொல்லு’ன்னு மைக்கக் குடுக்குறது. அப்பா அடிச்சத, பிளாட்பாரத்துல என்ன நடந்துச்சுன்றத ஒரு பிள்ளை எத்தன அங்கிளுக்குச் சொல்லும்? ஃபாதர்கிட்ட சண்டையே போட்டேன். கதை சொல்றத நிப்பாட்டிட்டாங்க, டான்ஸ் இன்னும் நடக்குது.

ஆனா ஒண்ணு. புதுசா வர்ற பையனுக்கு அங்க மொத நாளே ஒரு தகரப்பெட்டி, பூட்டு, சாவி குடுப்பாங்க. சோப்பு துண்டுக்கு முன்னாடி அதுதான். பிளாட்பாரத்துல படுத்த பையன் செருப்பத் தலைக்கு வச்சுத்தான் தூங்குவான், இல்லேன்னா காலைல இருக்காது. ஒருத்தன் சாவிய அரைஞாண் கயித்துல கோத்துக்கிட்டு அடிக்கடி போய்த் தொறந்து பாத்துட்டு பூட்டிட்டு வருவான், உள்ள என்னடா இருக்குன்னா ஒரு காலி தீப்பெட்டியும் ரப்பர் பேண்டும். அதே பையன் கொஞ்ச நாள்ல ஓடிட்டான், கமிட்டிக்கும் போலீசுக்கும் தகவல் சொல்லி பிரதர் மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம்னு தேடி அலைஞ்சாரு. தானாவே திரும்பி வந்தான். ஏன்டா போனன்னு யாரும் கேக்கல. அவன் பெட்டி பூட்டுனபடியே இருந்துச்சு, வேற யாருக்கும் குடுக்கல, அத மொதல்ல போய்ப் பாத்துட்டுத்தான் சாப்பிட வந்தான்.

ஃபாதர் இதுக்கெல்லாம் டான் போஸ்கோன்ற கத்தோலிக்க சாமியார இழுப்பாரு. இத்தாலில டூரின் நகரத்துல 1841ல கொத்தனார் வேலைக்கு வந்த ஒரு அநாதைப் பையன்கிட்ட பேச்சுக் குடுத்து ஆரம்பிச்சவரு. அவரோட சலேசிய சபைக்காரங்க 1906லயே தஞ்சாவூர் வந்துட்டாங்க. அடிச்சுத் திருத்தாத, கூடவே இருந்து பாத்துக்கங்கிறதுதான் அவரு போதிச்சதாம்.

ஷெட்டுக்காரன்:
அண்ணே, அக்கா, நானே அந்த மாதிரிப் பயதான். எந்த ஹோம்னு வேணாம். நானும் பொய்ப் பேருதான் குடுத்தேன், அந்தப் பேருலயே ஸ்கூல் போனேன். ஆதார் எடுக்கக் கூட்டிட்டுப் போனாக, உனக்கு ஏற்கனவே ஆதார் இருக்குன்னு வந்துருச்சு, கைரேகை காட்டிக் குடுத்துருச்சு. திண்டுக்கல் பக்கம் எங்கம்மா இருக்குறத அத வச்சுத்தான் கண்டுபிடிச்சாக. சினிமால மாதிரி ஒண்ணும் நடக்கல, அம்மா வேற கல்யாணம் பண்ணிருச்சு, அந்தாளுக்கு என்னப் பிடிக்கல, பொங்கலுக்குப் போயிட்டு வருவேன் அம்புட்டுத்தான். ஹோம்ல இருந்தே ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடிச்சேன், இப்ப லேத்து பட்டறைல வேலை.

இங்க யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. பதினெட்டு முடிஞ்சா ஹோம விட்டு வெளிய வரணும். 21 வயசு வரைக்கும் உதவி பண்ணலாம்னு சட்டத்துல இருக்குதான், பிரதரும் முதல் அட்வான்ஸுக்கு காசு குடுத்தாரு. ஆனா வீடு யாரு தர்றா? ஊரு எது, அப்பா என்ன பண்றாரு, நீங்க என்ன ஆளுகன்னு கேப்பாக. ஹோம்ல வளந்தேன்னா மூஞ்சி மாறிரும். பொய் சொல்லவும் இப்பல்லாம் வரமாட்டேங்குது. போன வாரம் எல்லீஸ் நகர்ல ஒரு வீட்டுல சாவி குடுக்கப் போற நேரத்துல சொந்தக்காரங்க ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும்னுட்டாக.

ஆரப்பாளையம், பெத்தானியாபுரம் பக்கம் யாருக்காச்சும் ரூம் தெரிஞ்சா இங்க சொல்லுங்க. நானும் இன்னொருத்தனும், அவனும் ஹோம் பயதான், வாடகை மாசம் பொறந்ததும் கரெக்டா குடுத்துருவோம்.