தனியா கார்ல மும்பை டு ரத்னகிரி, எந்த ரோடு?

செம்பூர்வாசி: டிசம்பர்ல மூணு நாள் லீவு, தனியா ஓட்டிட்டு ரத்னகிரி போகணும்னு ரொம்ப நாள் ஆசை. என்எச் 66-ஆ, கடலோரமாவா? மலை ரோடு பழக்கமில்ல, அதான் பயம்.

மாட்டுங்கா அண்ணன்: தம்பி, என்எச் 66 கடலை விட்டு ரொம்ப உள்ள தள்ளி போகுது, அத திரும்பி வரப்ப வச்சுக்கோங்க. போறப்ப முருட்ல ஜஞ்சிரா கோட்டைய பாத்துட்டு அகர்தண்டால காரோட படகுல ஏறி திகிங்கற ஊர்ல இறங்குங்க, அப்புறம் ஸ்ரீவர்தன், ஹரிஹரேஷ்வர், பாக்மண்ட்லால இன்னொரு படகு. கணபதிபுலே தாண்டி ஆரே வாரேன்னு ஒரு இடம், மலை ஏறி ஒரு வளைவு திரும்பினதும் கீழ கடல் மொத்தமா தெரியும் பாருங்க, நான் வண்டிய ஓரங்கட்டிட்டு அரை மணி நேரம் அப்படியே நின்னுட்டேன், காத்துல கார் கதவ திறக்கவே முடியல.

முலுண்ட் அக்கா: இறக்கத்துல செகண்ட் கியர்லயே வாங்க தம்பி. பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா சூடாகி பிடிக்காது, எனக்கு ஒரு தடவ கருகுன வாசனையே வந்துடுச்சு, கை நடுங்கிருச்சு. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க, இருட்டறதுக்குள்ள ரூம் போயிடுங்க.

செம்பூர்வாசி: ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. கடலோரமே போறேன்.