மிக்கி மேண்டில் பெயர் பொறித்த பழைய மட்டை: ஏல விளம்பரத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

எடிசன்வாசி:

வணக்கம். என் சம்பந்தி அமெரிக்கர். நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது யாங்கீ ஸ்டேடியத்தில் புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் மிக்கி மேண்டில் ஆடியதை நேரில் பார்த்த கதையை இன்றும் சலிக்காமல் சொல்வார். வரும் மாதம் அவருக்கு எழுபத்தைந்து வயது நிறைகிறது. அதையொட்டி மேண்டில் தொடர்புடைய பழைய பேஸ்பால் மட்டை ஒன்றைப் பரிசளிக்கலாம் என்று நானும் என் மனைவியும் எண்ணி, இணைய ஏலத் தளம் ஒன்றில் தேடி வருகிறோம்.

ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. "மிக்கி மேண்டில் 1950களின் புரோ மாடல் மட்டை, கையெழுத்துடன், பழைய களஞ்சியத்தில் கண்டெடுத்தது" என்பது அதன் தலைப்பு. தொடக்க விலை 400 டாலர். படங்களில் நடுவே நீள்வட்ட முத்திரையும், அதற்குள் ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி என்ற நிறுவனப் பெயரும், கீழே 125 என்ற எண்ணும், மட்டையின் பருத்த பகுதியில் மேண்டிலின் கையெழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன. பிடியில் கறுப்பு நாடா சுற்றியிருக்கிறது. பிடியின் நுனியிலுள்ள அடிக்குமிழின் படம் மட்டும் இல்லை. விவரத்தின் கடைசி வரியில், "நான் இத்துறை அறிந்தவன் அல்லன், படங்களைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று விற்பவர் எழுதியிருக்கிறார். கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறெதையும் அறியாத நான் எதைப் பார்த்து முடிவு செய்வது? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழமட்டை:

ஐயா, நீங்கள் குறிப்பிட்ட அடையாளங்கள் அனைத்தும் உண்மையாகவே இருக்கலாம். அவற்றைக் காட்டித் தலைப்பு நம்ப வைக்க முயலும் செய்திதான் பொய்.

முதலில் கையெழுத்தை எடுத்துக்கொள்வோம். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் தொடங்கிய ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி நிறுவனம், 1905இல் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, அவருடைய கையெழுத்தின் அச்சைத் தன் லூயிவில் ஸ்லக்கர் மட்டைகளில் சூட்டு முத்திரையாகப் பதித்து விற்கத் தொடங்கியது. அதன்பின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பலருடைய பெயர்களும் அவ்வாறே பதிக்கப்பட்டு, விளையாட்டுப் பொருள் கடைகளில் பள்ளிச் சிறுவர்களுக்கு விற்கப்பட்டன. மேண்டில் பெயரில் அப்படி வெளிவந்த மட்டைகள் ஏராளம். ஆகவே, மரத்தில் பதிந்த அந்தக் கையெழுத்து அவர் கைப்பட இட்டதும் அன்று, அந்த மட்டையை அவர் தொட்டார் என்பதற்குச் சான்றும் அன்று.

125 என்ற எண்ணைப் பல விற்பனையாளர்கள் தொழில்முறை ("புரோ") மட்டையின் அடையாளமாகக் காட்டுவார்கள். அந்த எண் பெரிய ஆட்டக்காரர்களுக்கு அனுப்பிய மட்டைகளிலும் இருந்தது, கடையில் விற்ற உயர்தர மட்டைகளிலும் இருந்தது. எனவே அதை வைத்து ஒன்றையும் பிரித்தறிய முடியாது. நீள்வட்டத்துக்குள் நிறுவனப் பெயர் இருப்பது மட்டும் ஓரளவு உதவும். 1979 வரை அவ்விடத்தில் நிறுவனப் பெயர் இருந்தது. 1980 முதல் லூயிவில் ஸ்லக்கர் என்ற வணிகப் பெயர் அங்கே வந்தது. எனவே இது 1980க்கு முந்தியது என்று சொல்லலாம். "1950கள்" என்று குறுக்குவதற்கு இந்தப் படங்களில் ஆதாரம் இல்லை.

உண்மையைச் சொல்லக்கூடிய இடம் அடிக்குமிழ். அதைத்தான் அவர் காட்டவில்லை. ஏறத்தாழ 1943 முதல் 1975 வரை தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குச் செய்யப்பட்ட மட்டைகளின் குமிழில் மாதிரி எண் பதிக்கப்பட்டது. ஓர் எழுத்தும் அதையடுத்து ஓர் எண்ணும் இருக்கும். எந்த ஆட்டக்காரருக்காக அந்த வடிவம் முதலில் செய்யப்பட்டதோ அவருடைய குடும்பப் பெயரின் முதலெழுத்து அது. பழம்பெரும் ஆட்டக்காரர் பேப் ரூத்தின் ஆர்43 பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. 1976 முதல் இந்த எண் பருத்த பகுதிக்கு மாற்றப்பட்டது. கடை மட்டையின் குமிழிலோ 34 என்றோ, அதன் கடைசி இலக்கமான வெறும் 4 என்றோ, அங்குலத்தில் நீளம்தான் பதிந்திருக்கும். குமிழின் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மேண்டில் களத்தில் பிடித்த மட்டையென்றால், தொழிற்சாலையின் பழைய அனுப்புகைப் பதிவேடுகளோடு நீளம், எடை, மாதிரி எண் ஆகியவற்றை ஒப்பிட்டு, பிஎஸ்ஏ அல்லது மியர்ஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனம் கொடுத்த கடிதத்தோடுதான் சந்தைக்கு வரும். ஷூலெஸ் ஜோ ஜாக்சன் என்ற பழைய ஆட்டக்காரரின் "பிளாக் பெட்சி" என்ற மட்டை 2001இல் இபே ஏலத் தளம் வழியாகவே 5,77,610 டாலருக்கு விலைபோனது. ரூத் 1923இல் யாங்கீ ஸ்டேடியத்தின் முதல் ஹோம் ரன்னை அடித்த மட்டை 2004இல் சாதபிஸ் ஏலத்தில் 12,65,000 டாலருக்குப் போனது. அப்படிப்பட்ட சந்தையில் ஒரு மேண்டில் மட்டை 400 டாலரில் வந்து நிற்காது.

கிளீவ்லாந்துக்காரர்:

பழமட்டை சொன்ன அடையாளங்களில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் விற்பவர்கள் எல்லோரையும் மோசக்காரர்களாகப் பார்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. இறந்தவர் வீட்டைக் காலி செய்து பொருள்களை மொத்தமாக எடுத்து விற்பவர்கள், ஏற்கெனவே தளத்தில் இருக்கும் இன்னொரு விளம்பரத்தின் தலைப்பை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். தவறு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது. திட்டமிட்ட வஞ்சகம் அதில் குறைவு.

எனினும், "நான் இத்துறை அறிந்தவன் அல்லன்" என்று கீழே எழுதியவர் மேலே "புரோ மாடல்" என்று மட்டும் எப்படித் துணிந்து எழுதினார் என்பதை நான் கேட்பேன். தலைப்பில் உறுதி, விவரத்தில் அறியாமை என்ற இந்த அமைப்பு தற்செயலாக வருவதாகத் தோன்றவில்லை. டெட் வில்லியம்ஸ் என்ற இன்னொரு ஆட்டக்காரர் பெயரிலும் இதே ஏமாற்று நடக்கிறது. 1960களில் சியர்ஸ் நிறுவனம் அவர் பெயரைத் தன் விளையாட்டுப் பொருள்களின் வணிகப் பெயராகவே வைத்து விற்றது. அந்தப் பொருள்கள் இன்று "டெட் வில்லியம்ஸின் மட்டை" என்ற தலைப்பில் ஏலத்துக்கு வருகின்றன. சட்டப்படி அதைப் பொய் என்று நிறுவுவது கடினம்.

அந்தக் கறுப்பு நாடாவைக் கவனியுங்கள். ஆடியவர்களே பிடிக்காகச் சுற்றியதாக இருக்கலாம். பிடியில் ஓடும் விரிசலை மறைக்கச் சுற்றியதாகவும் இருக்கலாம். மேண்டில் ஆடிய மட்டையில் விரிசல் இருந்தால் சேகரிப்பாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். கடை மட்டையில் விரிசல் இருந்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். நாடாவைப் பிரிக்கச் சொல்லாதீர்கள், மெருகும் சேர்ந்து உரியக்கூடும். அதன் அடியில் விரிசல் உண்டா, இல்லையா என்று நேரடியாகக் கேட்டு, தளத்தின் செய்திப் பெட்டியிலேயே பதிலைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையின் அருகிலிருந்து எடுத்த படமும் தேவை. சூட்டு முத்திரை மரத்துக்குள் சற்றே குழிந்திருக்கும். மங்கிய எழுத்தின்மேல் பிற்காலத்தில் யாராவது மை தீட்டியிருந்தால், அது மரத்தின் ரேகை வழியே கசிந்து ஓரம் பிசிறித் தெரியும்.

தணிக்கையாளர்:

மட்டையைப் பற்றி மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் காகிதத்தையும் பணத்தையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாளைக்கே அந்த விற்பவர் ஒரு நம்பகச் சான்றிதழைக் காட்டினாலும் மயங்க வேண்டாம். தென் கலிஃபோர்னியாவில் இயங்கிய போலிக் கையெழுத்துக் கும்பலை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ "ஆபரேஷன் புல்பென்" என்ற பெயரில் புலனாய்ந்து 1999இல் சோதனைகள் நடத்தியபோது, போலிக் கையெழுத்துகளோடு போலிச் சான்றிதழ்களும் சேர்ந்தே புழங்கியது வெளிப்பட்டது. சான்றிதழில் எண் இருந்தால், அதை வழங்கிய நிறுவனத்தின் தளத்தில் நீங்களே உள்ளிட்டு, அங்கே வரும் படமும் உங்கள் மட்டையும் ஒன்றுதானா என்று பாருங்கள். எண் சரியாக இருந்து படம் வேறாக இருந்தால் விலகிவிடுங்கள்.

அடுத்தது விலை. வேறு பலர் போட்டியிட்டு ஏலம் கேட்பதைப் பார்த்து, பொருள் நல்லதாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. அந்தப் பலரும் விற்பவரின் ஆட்களாகவே இருக்கக்கூடும். இத்துறையில் அமெரிக்காவின் மிகப் பெரிய ஏல நிறுவனங்களுள் ஒன்றை நடத்திய வில்லியம் மாஸ்ட்ரோவே, இப்படிப் பொய்யாக ஏலம் கேட்டு விலையை ஏற்றிய குற்றத்தை 2013இல் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, 2015இல் 20 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஆகவே மற்றவர்கள் கேட்கும் தொகையை அளவுகோலாகக் கொள்ளாமல், இதே வகைக் கடை மட்டைகள் உண்மையில் எந்த விலைக்கு விற்று முடிந்தன என்பதைத் தளத்தின் "விற்றவை" பட்டியலில் பார்த்து, உங்கள் உச்சவரம்பை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். பணத்தைத் தளத்தின் வழியாக மட்டுமே செலுத்துங்கள். "நேரடியாக அனுப்பினால் விலை குறைத்துத் தருகிறேன்" என்று சொல்பவரிடம் வாங்கினால் திரும்பக் கேட்கும் உரிமையை இழந்துவிடுவீர்கள்.

எடிசன்வாசி:

மூவருக்கும் நன்றி. விற்பவருக்கு எழுதினேன், அவர் மறுக்காமல் குமிழின் படத்தை அனுப்பினார். அதில் 34 என்று மட்டும் இருக்கிறது. நாடாவுக்கு அடியில் விரிசல் இருக்கிறதா என்ற கேள்விக்கு, "எனக்குத் தெரிந்து இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. தலைப்பை அவர் இன்னும் மாற்றவில்லை.

என் மனைவி வேறொரு கோணத்தில் பார்க்கிறாள். சம்பந்தி சிறுவனாக இருந்தபோது தெருவில் வைத்து ஆடியது இப்படிப்பட்ட கடை மட்டையாகத்தானே இருந்திருக்கும், கடை மட்டையென்று தெரிந்தே அதற்குரிய விலையில் வாங்கினால் என்ன என்று கேட்கிறாள். அது சரியென்றே எனக்கும் படுகிறது. ஆனால் 400 டாலர் கொடுக்க மனம் வரவில்லை.

பழமட்டை:

உங்கள் மனைவி சொல்வது மிகச் சரி. ஆனால் இந்த மட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். "புரோ" என்ற சொல் இல்லாமல், குமிழின் படத்தை முதலிலேயே போட்டு, நாடா சுற்றாமல் விற்கப்படும் மேண்டில் கடை மட்டைகள் அடிக்கடி வருகின்றன. தேடும்போது "ஸ்டோர் மாடல்" என்ற சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சற்றே விவரம் தெரிந்து, ஒளிக்காமல் விற்பவர்கள் அவ்வாறுதான் குறிப்பிடுவார்கள். "லிட்டில் லீக்" என்ற முத்திரை இருந்தால் அது சிறுவர் அளவு. சுவரில் மாட்ட அழகாக இருக்கும், நீளம் மட்டும் குறையும். எது கிடைத்தாலும் வாங்கியபின் மெருகேற்றிக் கொடுக்காதீர்கள். பழைய மெருகு போனால் மதிப்பும் போய்விடும்.