அழுகைக் காட்சி ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது?

கிறுக்கல்காரன்:
சிறுகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா இறந்த மறுவாரம் மகன் அவருடைய அறையைக் காலி செய்கிறான். "துக்கம் தொண்டையை அடைத்தது, கண்கள் குளமாயின" என்றெல்லாம் வருகிறது. படித்தவர்கள் "நல்லா இருக்கு, ஆனா ஒட்டல" என்கிறார்கள். சொல்லாதே, காட்டு என்கிறார்களே, அப்படியென்றால் இன்னும் வர்ணனை சேர்க்க வேண்டுமா?

அடைப்புக்குறி:
வர்ணனையைக் கூட்டினால் இன்னும் மோசமாகத்தான் போகும். தொண்டை அடைப்பதும் கண் குளமாவதும் எந்த மகனுக்கும் பொருந்தும், அதுதான் சிக்கல். இந்த மகன் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கூட்டில் வைத்து, திரும்ப வெளியே எடுத்து இன்னொரு தரம் துடைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், துக்கம் என்ற சொல்லே வேண்டாம். அப்புறம் இந்தப் "பார்த்தான்", "உணர்ந்தான்" எல்லாவற்றையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். கதை அவன் கண் வழியாகத்தான் போகிறது என்று தெரிந்த பிறகு "மேசை மேல் மாத்திரை அட்டை கிடப்பதைப் பார்த்தான்" எதற்கு? "மேசை மேல் மாத்திரை அட்டை. பாதி தீர்ந்திருந்தது." போதும்.

மூன்றாம்பிரதி:
பாதிதான் ஒத்துக்கொள்வேன். எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே இருந்தால் கதை நகராது, பல வருடப் பிணக்கை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டுவதும் உத்திதான். எனக்கென்னவோ குறை வேறு இடத்தில் இருக்கிறது: உங்கள் ஆளுக்கு அந்த அறையில் எதுவுமே வேண்டியதில்லை, சும்மா நின்று வருந்துகிறான். ஒரு பத்திரத்தைத் தேடி வந்திருக்கட்டும், வீட்டுக்காரர் சாயங்காலத்துக்குள் சாவி கேட்கட்டும், அழ நேரமில்லாமல் அலையட்டும்.

அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1932-ல் எழுதிய பனிப்பாறை விஷயம் தெரிந்திருக்கும், பனிப்பாறையில் எட்டில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே, கதையும் அப்படித்தான் என்பது. அதைக் குறைத்து எழுதுவதற்கான அனுமதிச்சீட்டாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள் (இங்கேயும் நிறையப் பேர்!). தெரிந்ததை விடலாம், தெரியாததால் விட்டால் எழுத்தில் வெற்றிடம்தான் மிஞ்சும் என்பதையும் அவர் அதே இடத்தில் சொல்கிறார். அப்பாவும் மகனும் கடைசியாக என்ன பேசிக்கொண்டார்கள்? கதையில் வர வேண்டாம், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிறுக்கல்காரன்:
பத்திரம் யோசனை பிடித்திருக்கிறது. நடுவில் அம்மா உள்ளே வருகிறாள், வசனம் இப்படி:
"அப்பா நெனப்பாவே இருக்காடா?"
"ஆமாம்மா, ரொம்ப" என்று தழுதழுத்த குரலில் கூறினான்.

மழைக்காகிதம்:
கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறான், அங்கேயே காட்சி முடிந்துவிட்டது. இப்படிப் பாருங்கள்:
"அப்பா நெனப்பாவே இருக்காடா?"
"இந்த அலமாரி சாவி எங்கம்மா?"
தழுதழுத்த குரல் தானாகவே கேட்கும், "என்றான்" கூட வேண்டாம். வேண்டிய இடத்தில் வெறும் "என்றான்" போடுங்கள், அது கண்ணை உறுத்தாது. கூறினான், மொழிந்தான், விளம்பினான் என்று மாற்றி மாற்றிப் போட்டால்தான் உறுத்தும். சாவி இருக்கும் இடத்தை அம்மா சொல்கிறாளா, தெரியாது என்கிறாளா என்று மட்டும் முடிவு செய்துவிட்டு அடுத்த பிரதியை இங்கே போடுங்கள்.