பாண்டி நம்பர் பிஎம்டபிள்யூ இசட்4, 24 லட்சம் சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

மடிப்பாக்கம்_மணி எழுதியது:

வணக்கம். இரண்டு சீட்டு, கூரை திறக்கிற வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்பது காலேஜ் நாளிலிருந்து ஆசை. புதிதாக வாங்கும் வசதி இந்த ஜென்மத்தில் வராது என்று தெரிந்துவிட்டதால் பழைய வண்டி தேட ஆரம்பித்தேன். ஓஎம்ஆரில் பழைய கார் விற்கிற ஒரு கன்சல்டிங்கில் 2012 பிஎம்டபிள்யூ இசட்4 எஸ்டிரைவ்35ஐ நிற்கிறது. வெள்ளை, மீட்டரில் 41,000 கிலோமீட்டர், புதுச்சேரி நம்பர், இரண்டாவது ஓனர், 24 லட்சம் சொல்கிறார்கள்.

போன சனிக்கிழமை பார்த்தேன். நான் போய்ச் சேரும்போதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏசி ஜில்லென்று, உள்ளே மூக்கை அடைக்கும் மல்லிகை ஸ்ப்ரே. கூரையைத் திறந்து காட்டினார், இருபது வினாடிதான், அது மடிந்து டிக்கிக்குள் போகிற அழகைப் பார்த்ததும் கேட்க வைத்திருந்த கேள்வியெல்லாம் மறந்துபோச்சு. சிறுசேரி வரை ஓட்டிவிட்டு வந்தோம். சத்தம் எதுவும் இல்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை.

எனக்கு ஸ்விஃப்ட் என்றால் பானெட்டைத் திறந்து ஏதாவது சொல்லத் தெரியும். இதைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி மட்டும்தான் தெரிகிறது. எதைப் பார்க்க வேண்டும், பாண்டி நம்பரால் பிரச்சினை வருமா, எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? "நாளைக்கு ஒரு பெங்களூர் பார்ட்டி வருது சார்" என்று வேறு சொல்லி அனுப்பினார்.

கிரீஸ்கை எழுதியது:

தம்பி, சூடாக இருந்த இன்ஜினைப் பார்த்ததெல்லாம் பார்த்ததாகவே கணக்கில் வராது. திரும்பப் போங்கள், காலையில் கடை திறக்கிற நேரத்துக்கு, சொல்லாமல் போனால் இன்னும் நல்லது. போனதும் பானெட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் "டீ குடிச்சிட்டு அப்புறமா வரேன்" என்று கிளம்பிவிட்டு வேறொரு நாள் போங்கள்.

அந்த வண்டியில் இருப்பது என்54, மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 306 குதிரைத்திறன். அருமையான இன்ஜின், ஆனால் செலவு வைக்கிற இடங்கள் அதற்கென்று சில உண்டு. ஹை பிரஷர் ஃபியூயல் பம்ப் முதலாவது. இந்த இன்ஜினில் அது போவது ஊரறிந்த விஷயம், 2010இல் அமெரிக்காவில் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்து ரீகால் செய்தது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது உடனே பிடிக்காமல் நாலைந்து வினாடி சுற்றிக்கொண்டே இருந்தால் அதன் மேல் சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்தில் ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் வந்தால் டர்போவின் வேஸ்ட்கேட், அதாவது டர்போவுக்குப் போகிற புகையைக் கட்டுப்படுத்துகிற சின்னக் கதவு, தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டுச் சட்டென்று காலை எடுத்தாலும் அந்தச் சத்தம் தெரியும். அதற்காக வண்டி உடனே நின்றுவிடாது, ஆனால் சரி செய்யப் போனால் டர்போவில்தான் கை வைக்க வேண்டி வரும், அந்த பில்லைப் பார்த்தால் தூக்கம் வராது.

அப்புறம் புகை. பத்து நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி ஒரு தடவை ரேஸ் கொடுங்கள். நீலப் புகை குபுக்கென்று வந்தால் எங்கோ ஆயில் எரிகிறது. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து ஆயில் ஃபில்டர் ஹவுசிங் பக்கம் பாருங்கள், அதில் இருக்கிற ரப்பர் கேஸ்கெட் வயதானதும் கசியும். கசிவது கீழே இருக்கிற பெல்ட்டில் விழும், பெல்ட் ஊறி அறுந்தால் நூல் நூலாக இன்ஜின் முன்பக்கத்தில் ஆயிலை அடைத்து வைக்கிற கிராங்க் சீலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஒரு சாதாரண ரப்பர் துண்டு இன்ஜினைப் பிரிக்கிற அளவுக்குக் கொண்டுபோய் விடும். வாட்டர் பம்ப் எலெக்ட்ரிக், முன்னறிவிப்பு கொடுக்காமல் சாகிற ஜாதி. பத்து வருடத்தைத் தாண்டிய வண்டியில் அது மாற்றிய பில் இல்லை என்றால் உங்கள் காலத்தில்தான் மாற்றப் போகிறீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து.

கியர்பாக்ஸ் ஏழு கியர் டபுள் கிளட்ச். ஏதாவது மால் பார்க்கிங்கின் சரிவில் நிறுத்தி ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், உதறக் கூடாது. கூரையை ஒரு தடவை திறந்து மூடியதோடு விடாதீர்கள், இரண்டு மூன்று தடவை முழுசாக ஓட்டுங்கள், டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் நீங்கள் பார்ப்பது. இதற்கு மேல் பிஎம்டபிள்யூ பழகிய வெளி மெக்கானிக் ஒருவரிடம் பணம் கொடுத்து லிஃப்ட்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டுப் பார்த்தே தீர வேண்டும். கிலோமீட்டர் மீட்டரில் மட்டும் இல்லை, சாவி சம்பந்தப்பட்ட கம்ப்யூட்டர் பெட்டியிலும் பதிவாகும். இரண்டும் ஒத்துப் போகிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். லிஃப்ட்டில் ஏற்ற விட மாட்டேன் என்று கன்சல்டிங்கில் சொன்னால் அதுவே பதில்.

பழைய_ஆர்சி எழுதியது:

மணி சார், கிரீஸ்கை அண்ணன் இன்ஜினைப் பார்த்துக்கொண்டார். நான் அந்த மல்லிகை ஸ்ப்ரேக்கு வருகிறேன், அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சென்னையில் பழைய சொகுசு வண்டி வாங்குகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் இந்த வண்டி எங்கே நின்றது என்பதுதான். நான் அனுபவித்துச் சொல்கிறேன். 2016இல் ஒரு ஜெர்மன் கூபேயைப் பாதி விலைக்கு வாங்கி, அதிர்ஷ்டம் என்று வீட்டில் கேசரி கிண்டினோம். ஆறாவது மாதம் ஹாரன் அடித்தால் வைப்பர் ஓடியது. கார்ப்பெட்டைப் பிரித்தால் ஒயர் கனெக்டர் ஒவ்வொன்றிலும் பச்சைக் களிம்பு, சீட்டு ரெயிலில் ஆற்று மண். விற்ற ஆள் போனை எடுக்கவே இல்லை.

அதனால் சீட் பெல்ட்டை முடிகிற வரை முழுசாக இழுத்துப் பாருங்கள். வண்டி கழுவுகிறவர்கள் வெளியே தெரிகிற முதல் இரண்டடியைத்தான் தேய்ப்பார்கள், கடைசி ஒரு அடியில் மண் கறை கோடு போட்டது போல நிற்கும். சீட்டைப் பின்னால் தள்ளி போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். ஹெட்லைட்டுக்குள் ஆவி படிந்திருக்கிறதா பாருங்கள். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியின் நகலைக் கேளுங்கள். அதில் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாததற்குத் தருகிற தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒரு வருடம் கிளைம் இல்லாமல் போனால் 20, அப்புறம் 25, 35, 45, ஐந்து வருடத்துக்கு 50. "ஒரு கீறல்கூட இல்லை சார், கிளைமே போட்டதில்லை" என்று சொல்கிற அதே ஆளின் பாலிசியில் 20 என்று இருந்தால், பழைய ஓனரே தொடர்ந்து கட்டி வந்திருக்கும் பட்சத்தில், முந்தின வருடம் மட்டும்தான் கிளைம் இல்லை, அதற்கு முந்தின வருடம் என்னமோ நடந்திருக்கிறது. தேதியை எண்ணிப் பாருங்கள், அதற்குள் 2023 டிசம்பர் வருகிறதா என்று.

பாண்டி நம்பர் விஷயம். அங்கே வரி குறைவு என்பதற்காக ஏதோ ஒரு வாடகை முகவரியைக் காட்டி நம்பர் வாங்கிய வண்டிகள் நிறைய, கேரளாவில் 2017இல் நடிகர்கள் பெயரெல்லாம் அடிபட்டு வழக்கு வரை போனது நினைவிருக்கும். "அப்படியே ஓட்டுங்க சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்பார்கள். சட்டப்படி வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் நின்றால் நம்பர் மாற்றியாக வேண்டும், ஆயுள் வரியும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2023இலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கே 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும், இருந்தாலும் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அதை 24 லட்சத்தோடு கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். நம்பர் மாற்றத் தேவையான என்ஓசி (தடையில்லாச் சான்று) எடுத்துத் தருவது விற்கிறவர் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். ஆர்சியில் கடன் இன்னும் நிற்கிறதா, செலான் பாக்கி இருக்கிறதா என்று அரசின் பரிவாஹன் தளத்தில் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஓனர் கம்பெனி பெயரா என்றும் பாருங்கள், அப்படி இருந்தால் கையெழுத்துப் போட அதிகாரம் யாருக்கு என்கிற கடிதமும் வேண்டும். 2012 வண்டி என்பதால் 2027இல் ஆர்சி புதுப்பிக்கிற செலவும் உங்கள் தலையில்தான்.

ஈசிஆர்_காத்து எழுதியது:

பாஸ், வேளச்சேரி ஸ்பீடு பிரேக்கரில் அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தீர்களா? முன் பம்பரின் உதட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவுங்கள், சொரசொரப்பே சரித்திரம் சொல்லும். நான் எல்லாம் 24 லட்சத்துக்குப் புது எஸ்யூவி எடுத்துக் குடும்பத்தோடு நிம்மதியாக மகாபலிபுரம் போவேன்.

கன்சல்டிங்_மகன் எழுதியது:

ஈசிஆர் காத்து, அவர் கேட்டது அது இல்லை :)

எங்கள் அப்பா இருபது வருடம் கார் கன்சல்டிங் வைத்திருந்தார், அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான். பெங்களூர் பார்ட்டி எங்கள் கடைக்கும் தினமும் வருவார், ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை. இரண்டு சீட்டு வண்டி வாங்க ஆள் அதிகம் கிடையாது, ஆட்டோ காஸ் போட்ட ஆல்டோ மூன்று நாளில் போகும், இது ஆறு மாதம் நிற்கும். எத்தனை நாளாக நிற்கிறது என்று முதலாளியிடம் கேட்காதீர்கள், வண்டி துடைக்கிற பையனிடம் கேளுங்கள். விளம்பரத்தில் இருக்கிற முதல் படத்தையும் பாருங்கள், பின்னால் சுவரில் போன வருடக் காலண்டர் தொங்கினாலும் தொங்கும்.

நீங்கள் ஏற்கெனவே செய்த தவறு, கூரை திறக்கும்போது வாயைப் பிளந்தது. அவர் அதைப் பார்த்திருப்பார், பரவாயில்லை. அடுத்த தடவை போகும்போது வண்டியைப் பிடிக்காத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மாமனார் இருந்தால் ரொம்ப நல்லது. விலையை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். "24 கொஞ்சம் அதிகம்" என்று மொட்டையாகச் சொன்னால் 23.5 ஆகும், அவ்வளவுதான். மெக்கானிக் கொடுத்த தாளை மேசையில் வைத்து, கேஸ்கெட்டுக்கு இவ்வளவு, வாட்டர் பம்ப்புக்கு இவ்வளவு, நாலு டயருக்கு இவ்வளவு, நம்பர் மாற்ற இவ்வளவு என்று அவர் பேனாவாலேயே கழிக்க வையுங்கள். டயரை மறக்காதீர்கள், பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் (தரையைப் பிடிக்கிற வரிகள்) நன்றாக இருந்தாலும் பழைய டயரில் ரப்பர் கல்லாகியிருக்கும். அந்த வண்டிக்குப் பெரும்பாலும் பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர், ஸ்டெப்னியே கிடையாது, நாலும் மாற்றினால் லட்சத்தைத் தாண்டும்.

சொன்ன விலையில் நின்றுவிட்டு, போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள். திரும்பிப் பார்க்காதீர்கள். டோக்கன் (முன்பணம்) கொடுப்பதாக இருந்தால் சின்னத் தொகை, ரசீதோடு, "பேப்பர் சரியாக இல்லை என்றால் திருப்பித் தரப்படும்" என்கிற வரியோடு. ரொக்கமாகக் கொஞ்சம், பேங்க்கில் கொஞ்சம் என்று பிரித்துக் கேட்டால் தலையாட்டாதீர்கள்.

மடிப்பாக்கம்_மணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குச் சொல்லாமல் போய் நின்றேன், பானெட் ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் உடனே பிடித்தது, கூழாங்கல் சத்தம் இல்லை. சீட் பெல்ட்டை இழுத்த இழுப்பில் கடைப் பையன் சிரித்துவிட்டான், கடைசி வரை சுத்தம். கார்ப்பெட் அடியும் காய்ந்துதான் இருந்தது. துடைக்கிற பையன் "தீபாவளிக்கு முன்னாடி வந்துச்சுண்ணா" என்றான், அதாவது ஏழு மாதம்.

பாலிசியில் பழைய_ஆர்சி சொன்னது போலவே 20 சதவீதம். வயிறு கலங்கியது. கேட்டதும் முதலில் மழுப்பினார், பில் காட்டினால்தான் மேற்கொண்டு பேசுவேன் என்றதும் இரண்டு நாள் கழித்து ஓனரிடமிருந்து வாங்கி அனுப்பினார். 2023 ஆகஸ்டில் பின் பம்பரும் ஒரு லைட்டும் மாற்றியது, அவ்வளவுதான். மெக்கானிக்கும் பெயிண்ட் தடிமன் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் மட்டும்தான் திரும்ப அடித்தது என்றார். கிலோமீட்டர் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கசிகிறது, பெல்ட் ஓரம் ஈரம். வாட்டர் பம்ப் கம்பெனியில் போட்டதேதான். டயர் நாலும் 2018.

தாளை வைத்துக் கழித்து 19.5 என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் பைக் கண்ணாடியில் பார்த்தேன். ஆறாம் நாள் போன் வந்தது. 20.75க்கு முடிந்தது, என்ஓசி அவர்கள் எடுத்துத் தர வேண்டும். பரிவாஹனில் பார்த்தால் ஆர்சியில் கடன் இன்னும் நிற்கிறது. கடன் கட்டி முடித்து நாலு வருடம் ஆகிறதாம், பேங்க் கடிதத்தை யாரும் ஆர்டிஓவில் கொடுக்கவே இல்லையாம். அதை நீக்கித் தருகிற வரை 10,000 டோக்கனுக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று சொல்லிவிட்டேன், ரசீதில் அந்த வரியும் இருக்கிறது.

வீட்டில் அம்மாவுக்குப் பெரிய கார் வருகிறது என்பது வரைக்கும் தெரியும். பழனிக்கு அதில்தான் போகப் போகிறோம் என்று அத்தையிடம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு சீட்டுதான் என்று இன்னும் சொல்லவில்லை.