ஆர்ம் கிராஸ் கம்பைலர்: லிப்எஸ்டிடிசி++ கட்டத்தில் ஜிசிசி நின்றுவிடுகிறது

கேள்வி:

வணக்கம். கார்டெக்ஸ்-எம்4 சில்லு ஒன்றில் இயங்குதளம் இல்லாமல் ஓடும் நிரல் எழுதுவதற்காக, ஆர்ம்-நன்-ஈஏபிஐ (இயங்குதளமற்ற ஆர்ம் சில்லுகள்) இலக்குக்கான கிராஸ் கம்பைலரை, அதாவது என் கணினியில் ஓடி அந்தச் சில்லுக்கான நிரலைத் தரும் கம்பைலரை, மூலநிரலிலிருந்து உருவாக்கி வருகிறேன். அசெம்பிளர், லிங்கர் முதலிய கருவிகளைத் தரும் பின்யூட்டில்ஸ் சிக்கலின்றி முடிந்தது. பிறகு கம்பைலரான ஜிசிசி-க்குத் தனி அடைவு அமைத்து, சி, சி++ இரண்டையும் கேட்டு, வெறும் 'மேக்' கட்டளையை ஓட்டினேன். நெடுநேரம் ஓடிய பின், சி++ நிரலகமான லிப்எஸ்டிடிசி++ கான்ஃபிகர் ஆகும் (சூழலைச் சோதித்து அமைத்துக்கொள்ளும்) இடத்தில், இணைப்புச் சோதனைகளுக்கு அனுமதி இல்லை என்ற பிழையோடு நின்றுவிட்டது. இத்தகைய சில்லுகளுக்கான சி நிரலகமான நியூலிப்-ஐ முதலில் உருவாக்கலாம் என்றால், அதற்கு ஆர்ம் கம்பைலர் வேண்டுமாம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்பதுபோல் இருக்கிறது. எங்கே தவறினேன்?

மறுமொழி 1:

ஜிசிசி-யை ஒரே மூச்சில் முடிக்க முயன்றதுதான் தவறு. லிப்எஸ்டிடிசி++ தன் கான்ஃபிகர் கட்டத்தில் சிறு நிரல்களை இணைத்துப் பார்க்க விரும்புகிறது. சி நிரலகமும் தொடக்கக் கோப்பான சிஆர்டி0-வும் இன்னும் பிறக்காததால் அந்த இணைப்பு நடக்காது. ஆகவே முதல் சுற்றில் மொழியாக சி மட்டும் கொடுத்து, 'வித்-நியூலிப்', 'வித்தவுட்-ஹெடர்ஸ்' இரண்டையும் சேர்த்து, 'ஆல்-ஜிசிசி' (கம்பைலர்), 'ஆல்-டார்கெட்-லிப்ஜிசிசி' (அதன் துணை நிரலகம்) ஆகிய மேக் இலக்குகளை மட்டும் உருவாக்கி நிறுவுங்கள். அந்த அரைக் கம்பைலரைக் கொண்டு நியூலிப்-ஐ உருவாக்கிய பின், ஜிசிசி-யைப் புதிய அடைவில் சி++ சேர்த்து முழுமையாக ஓட்டுங்கள். இரண்டாம் சுற்றில் 'வித்-நியூலிப்' இருக்கட்டும். 'வித்தவுட்-ஹெடர்ஸ்' மட்டும் கட்டாயம் நீங்க வேண்டும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. முதல் சுற்று முடிந்து நியூலிப்-உம் உருவாகிவிட்டது. ஆனால் நிர்வாகி உரிமையோடு நிறுவ 'சூடோ மேக் இன்ஸ்டால்' கொடுத்தால், ஆர்ம்-நன்-ஈஏபிஐ-ரான்லிப் (நிரலகக் கோப்புக்கு அட்டவணை அமைக்கும் கருவி) என்ற கட்டளையே இல்லை என்கிறது. அதே முனையத்தில் அந்தப் பெயரை நான் தட்டினால் அது ஓடுகிறது.

மறுமொழி 2:

கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் உங்கள் பாத் மாறியில், கருவிகள் இருக்கும் 'பின்' (bin) என்ற அடைவு இருக்கிறது. ஆனால் சூடோ பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் அந்த மாறியை ஒதுக்கிவிட்டுத் தனக்கென வரையறுத்த பாதையையே எடுத்துக்கொள்கிறது. நிறுவும்போது நிரலகக் கோப்பின் மீது ரான்லிப் மீண்டும் ஓட வேண்டியிருப்பதால் அங்கே இடறுகிறது. நிறுவும் இடத்தை உங்கள் சொந்த அடைவுக்குள் வைத்துக்கொண்டால் சூடோவே தேவைப்படாது. நானும் இதே பிழையை நியூலிப்-இன் குறை என்று எண்ணி ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியவன்தான்.

மறுமொழி 3:

இந்தப் படிகளையெல்லாம் தானே செய்யும் கிராஸ்டூல்-என்ஜி என்ற கருவி இருக்கிறது. கற்பதற்காக அல்லாமல் வேலைக்காகச் செய்கிறீர்கள் என்றால் அதையே பயன்படுத்துங்கள். கையால்தான் செய்வேன் என்றால், இன்னும் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: உங்கள் சில்லில் மிதவைப் புள்ளி அலகு (பின்ன எண்களைக் கணக்கிடும் வன்பொருள்) உண்டா? 'ஹார்ட்' முறையில் மிதவை எண்கள் அந்த அலகின் பதிவகங்கள் வழியாகவும், 'சாஃப்ட்' முறையில் பொதுப் பதிவகங்கள் வழியாகவும் செயற்கூறுகளுக்குச் செல்கின்றன. இரண்டையும் கலந்தால் லிங்கர் மறுத்துவிடும். இப்படி எந்தெந்தச் சில்லு, மிதவை வகைகளுக்குத் தனித்தனி நிரலகம் வேண்டும் என்பதை நியூலிப் அந்த அரைக் கம்பைலரிடமே கேட்டு அறிகிறது. அதனால் 'வித்-மல்டிலிப்-லிஸ்ட்' விருப்பத்துக்கு 'ஆர்எம்ப்ரொஃபைல்' என்ற மதிப்பை முதல் சுற்றிலேயே கொடுத்திருக்க வேண்டும். கடைசிச் சுற்றில் மட்டும் சேர்த்தால் நியூலிப்-இல் அந்த வகைகள் இருக்காது.

கேட்டவர்:

கொடுக்கவில்லை. முதலிலிருந்து மீண்டும் ஓட்டினேன். இப்போது முழுக் கம்பைலரும் உருவாகிவிட்டது. 'ஹார்ட்' முறையில் தொகுத்த கோப்பை, அதன் விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப்-இல் 'ஏ' விருப்பத்தோடு பார்த்தபோது, மிதவை அளவுருக்கள் விஎஃப்பி (மிதவைப் புள்ளி அலகு) பதிவகங்களில் செல்வதாகக் காட்டியது. பிரிண்ட்எஃப்-ஐ அழைத்தால் மட்டும் _எஸ்பிஆர்கே, _ரைட் ஆகியவை வரையறுக்கப்படவில்லை என்று லிங்கர் சொல்கிறது.

மறுமொழி 1:

அது கருவித்தொகுப்பின் பிழை அன்று. நினைவகத்தை எங்கிருந்து எடுப்பது, எழுத்துகளை எந்த யுஏஆர்டி (தொடர்முறைத் தொடர்பு வாயில்) வழியாக அனுப்புவது என்பதெல்லாம் நியூலிப்-க்குத் தெரியாது. அந்தச் செயற்கூறுகளை உங்கள் பலகைக்கு ஏற்ப நீங்களே எழுத வேண்டும். அதுவரை, அவற்றுக்கு வெறும் போலிச் செயற்கூறுகளை இணைக்கச் சொல்லும் 'நோசிஸ்' ஸ்பெக்ஸ் கோப்பைக் கொடுத்தால் இணைப்பு நடந்துவிடும். ஆனால் பிரிண்ட்எஃப் எதையும் வெளியே அனுப்பாது.