சைக்கிள் வீல் மாற்றிய கதைகள்: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

ஆரல் காத்தாடி

போன ஆடியில் நடந்தது. இன்றும் படுத்தால் அந்த லாரிதான் கண்ணில் வருகிறது. இங்கே கொட்டிவிட்டால் போகுமா பார்க்கிறேன்.

என் ரோடு பைக்கோடு வந்த வீல் ஜோடி இரண்டு கிலோவுக்கு மேல். மாற்றணும் மாற்றணும் என்று ஒரு வருஷம் புலம்பினேன். கடைசியில் 50 எம்எம் உயர கார்பன் ரிம், ஒருவர் ஓட்டிய பழசு, ஜோடி 16,000 ரூபாய்க்குக் கிடைத்தது. விற்றவர் மதுரைக்காரர். அவர் ஊர்க் காற்று வேறு, நம்ம ஊர்க் காற்று வேறு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் ஞாயிறு. நாகர்கோவிலில் கிளம்பி தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல். காற்று முதுகில். பெரிதாக மிதிக்கவே இல்லை, மீட்டர் 44 காட்டுகிறது. கார்பன் என்றால் கார்பன்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காவல்கிணறு விலக்கில் கன்னியாகுமரி ரோட்டைப் பிடித்துத் தெற்கே திரும்பினேன் பாருங்கள், வலப்பக்கம் இருந்து அறைந்தது. சாதா ரிம்மோடு அந்த ரோட்டில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், காற்று புதிதல்ல. ஆனால் இந்த உயர ரிம்மில் காற்று பட்டதும் ஹேண்டிலைக் கையில் இருந்து பிடுங்கியது. வண்டியை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் நேராகப் போகிறது. அப்படிச் சாய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு டாரஸ் லாரி என்னை ஒட்டி முந்தியது. லாரி மறைத்ததும் காற்று சட்டென்று அற்றுப்போனது. சாய்ந்த வண்டி சாய்ந்தபடியே லாரிப் பக்கம் போகிறது. என் முழங்கைக்கும் பின் டயருக்கும் நடுவில் ஒரு சாண் இடம். டயர் பட்டைக்குள் சிக்கியிருந்த சல்லியை எண்ணியிருக்கலாம். லாரி தாண்டியதும் அடக்கி வைத்திருந்த காற்று மொத்தமாக வந்து என்னை இடப்பக்கம் மண்ணில் இறக்கியது. எப்படி விழாமல் நின்றேன் என்று இன்றுவரை தெரியாது.

அங்கிருந்து டீக்கடை வரை உருட்டிக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் என் வீலைப் பார்த்தார், பின்னால் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்த காற்றாலைக் காத்தாடிகளைப் பார்த்தார். “ஏன் மக்ளே, இத்தன காத்தாடி நிக்கது போதாதுன்னு நீயும் ரெண்டு கொண்டு வந்திருக்கியா?”

வீல் இப்போது மாடி அறையில் தொங்குகிறது. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

கோட்டாறு ஏழு ஸ்பீடு

உங்களுடையது காற்று செய்த வேலை. என்னுடையது முழுக்க என் மடத்தனம்.

ஆன்லைனில் தள்ளுபடியில் ஒரு அலுமினிய வீல்செட் போட்டேன். பெட்டியைப் பிரிக்காமலே சைக்கிள் கடைக்குக் கொண்டு போனேன். கடை அண்ணாச்சி என் பழைய பின் வீலில் இருந்து ஏழு ஸ்பீடு, அதாவது ஏழு அடுக்குப் பல்சக்கரத்தைக் கழற்றினார். மரை சுற்றிச் சுற்றிக் கழன்று வந்தது, முழுசாக ஒரே உருண்டையாக. அதைப் புது வீலின் நடுவில் இருக்கும் ஹப்பின் பக்கத்தில் வைத்தார். புது ஹப்பில் மரையே கிடையாது, நெடுக நீளவாக்கில் காடி காடியாக இருக்கிறது. இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் பஞ்சர் பார்க்கப் போய்விட்டார். அந்தக் கை துடைத்த விதம் இருக்கிறதே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றுதான் ப்ரீவீல் வேறு, கேசட் வேறு என்றே எனக்குத் தெரியும். ப்ரீவீலில் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும் பகுதி பல்சக்கரத்துக்குள்ளேயே இருக்கும், மொத்தத்தையும் ஹப்பில் திருகிவிடுவார்கள். புதுசில் அந்தப் பகுதி ஹப்போடு சேர்ந்தது, பல்சக்கரம் மட்டும் சும்மா நுழைந்து உட்காரும். என்ன செய்ய, 9 ஸ்பீடு கேசட் வாங்கினேன். அதற்கு ஏற்ற செயின் வாங்கினேன். கியர் மாற்றும் பழைய ஷிஃப்டர் ஒத்துவரவில்லை, அதையும் வாங்கினேன். வீலைவிட அதற்கு ஆன செலவு கூட. வீட்டில் இன்றுவரை முழுக் கணக்கு சொல்லவில்லை.

பார்வதிபுரம் காலை அஞ்சு

என் புது ஹப் போடும் சத்தம் ஊரையே எழுப்பும். மிதிப்பதை நிறுத்தினால் போதும், கிர்ர்ர். வாங்கும்போது அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன், ஒளிக்க ஒன்றும் இல்லை. மேம்பாலத்தில் இருந்து காலையில் இறங்கினால் கீழே நான்கு நாய்கள் எனக்காகக் காத்திருக்கின்றன. மற்ற சைக்கிளை அவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இப்போது இறக்கத்திலும் சத்தம் வராமல் இருக்க மிதித்துக்கொண்டே போகிறேன். உடம்புக்கு நல்லது என்று வைத்துக்கொள்ளலாம்.

குலசேகரம் ரப்பர்

கோட்டாறு நண்பருக்கு ஒன்று. நீங்கள் ஷிஃப்டர் மாற்றியிருக்கவே வேண்டாம். காடி வைத்த 7 ஸ்பீடு கேசட் தனியாகக் கிடைக்கிறது. 8, 9, 10 ஸ்பீடு ஹப்பில் அதை மாட்ட இடைவெளியை நிரப்பும் வளையம், 4.5 எம்எம் ஸ்பேசர் ஒன்று போதும். 11 ஸ்பீடு ரோடு ஹப் என்றால் அதோடு 1.85 எம்எம் ஸ்பேசர் இன்னொன்று. பழைய ஷிஃப்டர், பழைய செயின், எல்லாம் அப்படியே ஓடியிருக்கும். சரி, ஆனது ஆச்சு.

என் கதை சின்னது. மாத்தூர் தொட்டிப்பாலம் போய்விட்டுத் திரும்புகிறேன், திருவட்டாறு பக்கம் மழைத்தண்ணீர் நின்ற குழி. தண்ணீர் என்று நினைத்து இறங்கினேன், உள்ளே கல். பின் வீலில் ‘டிங்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அறுந்தது ஒரே ஒரு ஸ்போக் கம்பி. ஆனால் என் வீலில் மொத்தமே 24 கம்பி. ஒன்று போனதும் ரிம் வளைந்து பிரேக் கட்டையில் உரசி நின்றேவிட்டது. பிரேக்கைத் திறந்துவிட்டு, முன் பிரேக்கை மட்டும் நம்பி வீடு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் அந்தக் கம்பி ஃப்ரேமில் தட்டிக்கொண்டே வந்தது, குடைக்கம்பி மாதிரி.

அதனால் சொல்கிறேன். கையில் காசு குறைவாக இருக்கிறவர்கள் முதலில் டயரை மாற்றுங்கள், வீலை அல்ல. வண்டியோடு வரும் டயர் பெரும்பாலும் மரக்கட்டை. நல்ல டயரும் மெல்லிய ட்யூபும் போட்டால் வரும் வித்தியாசம் பத்தாயிரம் ரூபாய் வீலில் வராது. அப்புறமும் வீல் வேண்டும் என்றால் 32 கம்பி ரிம் வாங்கிக் கோர்க்கச் சொல்லுங்கள். ஒரு கம்பி போனாலும் கொஞ்சம் கோட்டத்தோடு வீடு வந்துவிடலாம், கம்பியும் சாதாரணமாகக் கிடைக்கும். தட்டைக் கம்பி போட்ட அழகான வீலுக்கு மாற்றுக் கம்பி கொரியரில் வரும்வரை வண்டி சுவரில்தான். நடுவில் மெலிந்த கம்பி கிடைத்தால் அதையே வாங்குங்கள், 2.0 எம்எம்மில் தொடங்கி நடுவில் 1.8 ஆகும் ரகம். கேட்டால் மெல்லிசு சீக்கிரம் அறும் என்பார்கள், உண்மை அதற்கு நேர் எதிர். கம்பி பொதுவாக அறுவது ஹப் பக்கத்து வளைவில். நடுப்பகுதி கொஞ்சம் இழுபட்டுக் கொடுப்பதால் வளைவுக்கு அடி குறைகிறது. ரிம்மின் உள் அகலம் 17 எம்எம்முக்குக் குறையாமல் பாருங்கள், 15 எம்எம் பழைய காலத்து அளவு. ரிம் பிரேக் வண்டிக்குப் பின் ஹப் அகலம் 130 எம்எம், டிஸ்க் என்றால் 135 அல்லது 142. பழைய ஸ்டீல் ஃப்ரேமில் 126 இருக்கும். வாங்கும் முன் ஒரு ஸ்கேல் வைத்து அளக்க எத்தனை நேரம் ஆகும்? யாரும் அளப்பதில்லை. கோர்த்த வீலை 200 கிலோமீட்டர் ஓட்டியதும் திரும்பக் கொண்டு போய்க் கோட்டம் பாருங்கள். அதையும் யாரும் செய்வதில்லை.

மார்த்தாண்டம் தேன்

ரப்பர் அண்ணே, கதை நாலு வரி, உபதேசம் நாற்பது வரி. அனுபவம் சொல்லச் சொன்னார்கள், பாடம் நடத்த இல்லை.

இருந்தாலும் டயர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். புது வீல் வந்த அன்று பழைய வீலையும் புதுசையும் டயர் இல்லாமல் பலசரக்குக் கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தேன். வித்தியாசம் 340 கிராம். 12,000 ரூபாய். கடைக்காரம்மா தராசில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், “ஒரு சீப்பு மட்டிப்பழம் கூட தேறாது போலிருக்கே, இதுக்கா?” பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அன்று சீனி வாங்கப் போன நான் சீனி வாங்காமல் வந்துவிட்டேன்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நானும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ. 340 கிராம் என்றால் அதில் நூற்றுக்கு 0.4. அரை மணி நேர ஏற்றத்தில் ஏழு விநாடி மிச்சம். கீரிப்பாறை வரை ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறிப் போய் ஏழு விநாடி முன்னாடி நின்று நான் என்ன செய்யப் போகிறேன்? சுற்றும் எடை இரண்டு மடங்குக்குச் சமம் என்று யாராவது வருவார்கள், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அது வேகம் கூட்டும் அந்தச் சில விநாடிக்குத்தான், அதுவும் ரிம், டயர் எடைக்குத்தான். ஒரே வேகத்தில் ஏறும்போது கிராம் எங்கே இருந்தாலும் கிராம்தான்.

முட்டம் உப்பு

மலைப்பக்கத்துக்காரர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கடலோரம் வாருங்கள்.

எனக்கு ஒரு வீல்செட் வந்தது, கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் நிப்பிள் எல்லாம் சிவப்பு நிறம், பார்க்கவே ஜோராக இருந்தது. அலுமினிய நிப்பிள். வீடு லைட்ஹவுஸ் பக்கம், வண்டி நிற்பது திண்ணையில். இரண்டு வருஷம் கழித்து லேசாகக் கோட்டம். கடையில் நிப்பிள் சாவியைப் போட்டு ஒரு கால் சுற்றுத் திருப்பினார்கள். நிப்பிள் திரும்பவில்லை, உடைந்து கையோடு வந்தது. உள்ளே வெள்ளையாகப் பொடி. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதைத் தொடவே இல்லை, சாவியைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, “தம்பி, சொத்தப் பல்லு மாதிரி இருக்கு, ஒண்ண தொட்டா எல்லாம் விழும்” என்றார்.

உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்னும் என்று எனக்குத் தெரியாதா? வள்ளத்து எஞ்சினில் சின்ன வயதில் இருந்து பார்த்தவன்தானே. வீல் என்று வந்ததும் சிவப்பு நிறத்தில் மயங்கிவிட்டேன். இப்போது பித்தளை நிப்பிள். ஒன்று ஒரு கிராம் வரும். தேன் அண்ணன் தராசில் வைத்துக்கொள்ளட்டும்.

வடசேரி டீச்சர்

நான் வட்டக்கோட்டை வரை போய்வருகிற ஆள், அவ்வளவுதான். கடையில் வீல் விலை கேட்டேன். “சாருக்கு என்ன சைஸ் வண்டி?” என்று கேட்டார். சார் சைக்கிளே ஓட்டுவதில்லை. எனக்கு என்றேன். உடனே கூடை வைத்த வண்டி பக்கம் கையைக் காட்டினார். வெளியே நிறுத்தியிருந்த என் ரோடு பைக்கைக் காட்டியபிறகும், “இது உங்க பையனுதா?” என்றார். என் பையனுக்கு ஆறு வயது. அதற்கு மேல் அங்கே என்ன வாங்குவது?

வீல் வாங்கவில்லை. வேறு இடத்தில் 28 எம்எம் டயர் மட்டும் வாங்கினேன். முன்பு 23 எம்எம் டயரில் 110 பிஎஸ்ஐ காற்று அடித்துக்கொண்டு போய், சுசீந்திரம் தாண்டும் முன்பே மணிக்கட்டு மரத்துவிடும். இப்போது 75 அடித்தால் போதும். ஆனால் ஒன்று. மாட்டிய முதல் நாள் பிரேக்குக்குக் கீழே ஒரு காகிதம்தான் நுழையும், அவ்வளவு இடைவெளி. தேரூர்க் குளத்து ரோட்டில் ஒரு சின்னக் கல் டயரில் ஒட்டிக்கொண்டு வந்து அங்கே சிக்கி ‘கர்ர்’ என்று இழுத்தது, என் உயிரே போய்விட்டது. இப்போது பின்னால் 25, முன்னால் 28. வாங்கும் முன் 4 எம்எம் ஆலன் சாவி டயருக்கு மேலே நுழைகிற அளவு இடம் இருக்குமா என்று பார்த்துவிடுங்கள்.

குலசேகரம் ரப்பர்

டீச்சர், உங்கள் பிரேக்கை நீள் கை பிரேக்காக மாற்றினால், ஃப்ரேமிலும் இடம் இருந்தால், பின்னாலும் 28 போகும். விரிவாக எழுதட்டுமா?

வடசேரி டீச்சர்

வேண்டாம் அண்ணா. 25 நன்றாகத்தான் இருக்கிறது.

கோட்டாறு ஏழு ஸ்பீடு

ரப்பர் அண்ணன் சொன்ன ஸ்பேசர் விலை பார்த்தேன். இருநூறு ரூபாய்கூட இல்லை. சாப்பாடு இறங்கவில்லை.

ஆரல் அண்ணே, அந்தக் கார்பன் வீலை என்ன செய்யப் போகிறீர்கள்? முன் வீல்தானே காற்றில் ஹேண்டிலைத் திருப்பும். பின்னால் உயரமான ரிம் போட்டு முன்னால் சாதா ரிம் வைத்து நிறைய பேர் ஓட்டுகிறார்கள். பின் வீலை மட்டும் கொடுப்பீர்களா?

ஆரல் காத்தாடி

மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கார்பனுக்கு பிரேக் கட்டை தனி, அதையும் தந்துவிடுகிறேன். முன் வீலை என் மருமகன் சுவரில் கடிகாரம் ஆக்கப் போவதாகச் சொல்கிறான், அது அங்கேயே இருக்கட்டும்.

கோட்டாறு ஏழு ஸ்பீடு

சரி அண்ணே. ஹப் எத்தனை ஸ்பீடு?

ஆரல் காத்தாடி

11. ஸ்பேசர் உறையோடு உள்ளேயே இருக்கிறது.